பணம் கட்டியவர் பெயர்

ஜூலை முடிந்துவிட்டது. மேடம் ஜூலை மாதச் சலான் கோப்பின் நாடாவைக் கட்டி இடது பக்கம் தள்ளிவிட்டு ஆகஸ்டை முன்னால் இழுத்துக்கொள்கிறார். ஆகஸ்ட், செப்டம்பர், அப்புறம் அக்டோபர். அக்டோபரில் இருபத்தேழாம் தேதி. ஒரு கோப்புக்கு இருபது நிமிடம் என்று வைத்தால்கூட ஒரு மணி நேரத்துக்குள் அங்கே வந்துவிடுவார், நடுவில் டீ வந்தால் பத்து நிமிடம் தள்ளிப்போகும், டீ சொல்லலாமா, இப்போதுதானே மோர் கொடுத்தார்கள், ஹெட் கிளார்க் எதற்கு இப்படி உபசரிக்கிறார் என்று நினைத்துவிட்டால்? பேசாமல் உட்கார். கையை மேசைமேல் வை. வேண்டாம், மடியில் வை. எதிரே உட்கார்ந்திருப்பவர் மாவட்டக் கோர்ட்டிலிருந்து ஆய்வுக்கு வந்திருக்கும் திலகவதி மேடம். வலது கட்டைவிரலில் ரப்பர் உறை மாட்டியிருக்கிறார், ஒரு சலான், ஒரு புரட்டல், பச்சை மையில் ஒரு டிக். அந்தப் பேனாவின் சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. மேலே மின்விசிறி சுற்றுகிறது, என் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. முப்பத்துநாலு வருஷம் அடுத்தவர்களுக்கு மெமோ தட்டச்சு செய்து பழகிய மண்டை, இப்போது எனக்கே ஒன்று தட்டச்சு செய்துகொண்டிருக்கிறது: திரு. சென்னியப்பன், தலைமை எழுத்தர், நீதித்துறை நடுவர் நீதிமன்றம், பொதுப் பணத்தைக் கையாண்டதில் ஏற்பட்ட முறைகேடு தொடர்பாக, விசாரணை முடியும்வரை, இன்று பிற்பகல் முதல். பிற்பகல் முதல் என்றுதான் போடுவார்கள், முற்பகல் வேலை பார்த்துவிட்டேன் அல்லவா, அதற்குச் சம்பளம் உண்டு. ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். ஏழே மாதம். விசாரணை என்று ஒன்று தொடங்கிவிட்டால் ஓய்வு பெறவும் விடமாட்டார்கள், பென்ஷனும் கிடையாது, பணிக்கொடையும் கிடையாது, கொலைக் கேஸ் ஆசாமிகூட ஜாமீனில் போய் நிம்மதியாகத் தூங்குவான், நான் தூங்கமாட்டேன். நான் எடுக்கவில்லை. ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. ஆனால் கட்டினேன், அதுதான் இப்போது பிரச்சினை.

ரகுபதி உள்ளே வந்து மேடத்தின் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போகிறான். நெற்றியில் திருநீறு, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, மூன்று வாரம் மெடிக்கல் லீவில் இருந்த ஆள் என்று யாராவது சொல்லமுடியுமா? கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. போகிறபோக்கில் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு, ஒன்றுமில்லீங்க சார், பயப்படாதீங்க என்கிற மாதிரி. உன்னால்தானடா பயப்படுகிறேன். அபராதப் பிரிவு எழுத்தர் அவன். நடுவர் அம்மா தீர்ப்புச் சொன்னதும் குடித்துவிட்டு வண்டி ஓட்டினவன், சேவல் சண்டை விட்டவன், எல்லோரும் அவன் ஜன்னலில் போய்ப் பணம் கட்டி ரசீது வாங்கவேண்டும். சாயங்காலம் ரசீதுப் புத்தகத்தையும் பதிவேட்டையும் பணத்தையும் என் மேசைக்குக் கொண்டுவர வேண்டும், நான் ரசீது ரசீதாக ஒப்பிட்டுப் பார்த்து, பணத்தை எண்ணி, 'ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், பெட்டியில் பூட்டவேண்டும், மறுநாள் காலையில் அவன் பாங்கில் கட்டிவிட்டுச் சலானைக் கொண்டுவந்து கோப்பில் சேர்க்கவேண்டும். விதி அப்படி. நடந்தது வேறு. ஐந்தே முக்காலுக்கு அவன் வந்து நிற்பான். "எல்லாம் எண்ணிட்டனுங்க சார், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, பஸ்ஸு போயிருமுங்க. வண்டியெடுத்து நிறுத்தீட்டேன், வாங்க." எங்கள் ஊர்ப் பஸ் ஐந்து ஐம்பதுக்கு. அதை விட்டால் ஏழே கால். கோர்ட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் பதினைந்து நிமிடம், ரகுபதியின் பைக்கில் நாலு நிமிடம். அவ்வளவுதான் என் விலை. மனுஷன் லட்சத்துக்கு விலை போவான், பத்தாயிரத்துக்குப் போவான், நான் நாலு நிமிட பைக் சவாரிக்குப் போனேன். அதிலும் அந்த வாசகத்தை ஒவ்வொரு நாளும் எழுதக் கை வலிக்கிறது என்று நான்தான், வேறு யாரும் இல்லை, நானேதான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் நூற்றெண்பது ரூபாய்க்கு ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டு வந்தேன். அதையும் வைக்க இடமில்லாமல் ரகுபதியின் டிராயரிலேயே வைத்தேன். அவனே குத்திக்கொண்டு வருவான், நான் கீழே இரண்டு எழுத்துக் கிறுக்குவேன். லீவு போடுகிற நாட்களுக்கு முன்கூட்டியே கிறுக்கி வைத்துவிட்டுப் போனதும் உண்டு. ஐயோ, அதை நினைக்காதே. அதை யாரும் கேட்கப்போவதில்லை.

ஆகஸ்ட் பாதி. டிக். டிக். வெளியே டபேதார் யார் பெயரையோ மூன்று தரம் கூப்பிடுகிறார், ஒவ்வொரு தரமும் நிமிர்ந்து பார்க்கிறேன், என் பெயர் இல்லை என்று தெரிந்தும். எப்போது தெரிந்தது உனக்கு என்று கேட்டால் அக்டோபர் பத்தொன்பது என்று சொல்வேன். அது உண்மை. பால் வண்டி ஓட்டுகிற ஒருவர், கருத்த ஆள், தோளில் துண்டு, லைசென்ஸைத் திரும்ப வாங்கக் கடிதம் வேண்டும் என்று என் மேசைக்கு வந்தார். குடித்துவிட்டு ஓட்டிய கேஸ், பத்தாயிரம் அபராதம். பதிவேட்டில் பார்த்தேன், அவர் பெயரே இல்லை. பணம் கட்டவே இல்லையே என்றேன். "கட்டீட்டனுங்களே சார். மாட்டை வித்துக் கட்டுனனுங்க. இந்தாங்க ரசீது" என்று ஒரு பாலித்தீன் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார். எங்கள் ரசீது. எங்கள் முத்திரை. ரகுபதியின் கை. மாட்டை விற்றேன் என்று அவர் சொன்னது என் காதில் அப்போது ஏறவே இல்லை, அந்த ரசீது எண் மட்டும்தான் ஏறியது. எல்லோரும் சாப்பிடப் போனபிறகு ரசீதுப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு முதல்முறையாக, ஆமாம், முதல்முறையாக, ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஜூனிலிருந்து பத்தொன்பது ரசீது பதிவேட்டுக்கு வரவில்லை. பதினெட்டு பத்தாயிரம், ஒரு ஆறாயிரத்து ஐந்நூறு. ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து ஐந்நூறு. கூட்டிப் பார்த்தேன், திரும்பக் கூட்டினேன், எத்தனை தரம் கூட்டினாலும் குறையவில்லை. ரகுபதியைக் கூப்பிட்டுக் கேட்டால் முதலில் சிரித்தான், பிறகு அழுதான். "மாசக் கடைசிக்குள்ள கட்டிப் போடறனுங்க சார். எம்பட பொண்டாட்டி மேல சத்தியமுங்க. சீட்டுக் கம்பெனிக்காரன் ஓடிட்டானுங்க, சுத்திக் கடனுங்க. நீங்க அப்பா மாதிரி." அப்பா மாதிரி! மறுநாள் முதுகுத்தண்டு வலி என்று மூன்று வார மெடிக்கல் சர்டிபிகேட் அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டான். அன்றைக்கே நான் நடுவர் அம்மாவின் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை அடி? என் நாற்காலியிலிருந்து அம்மாவின் கதவுக்குப் பன்னிரண்டு அடிகூட இல்லை. மூன்று தரம் எழுந்தேன், மூன்று தரமும் தண்ணீர்ப் பானைவரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். ஏனென்றால் அம்மா முதலில் கேட்கிற கேள்வி எனக்குத் தெரியும்: தினமும் நீங்கள் எண்ணினீர்களே, அப்போது தெரியவில்லையா? ரகுபதியின் குற்றத்தைச் சொல்ல வாயைத் திறந்தால் என் குற்றமும் கூடவே வெளியே வரும். அதனால்தான் மூடிக்கொண்டேன். அவன் பிள்ளைகுட்டிக்காரன் என்று பரிதாபப்பட்டேன் என்றெல்லாம் எனக்கே நான் கதை சொல்லிக்கொண்டது பிறகு. அதில் ஒரு துளியும் உண்மை இல்லை.

செப்டம்பர். வந்தாயிற்று செப்டம்பருக்கு. இவ்வளவு சீக்கிரமா? ஆகஸ்டுக்குப் பதினொரு நிமிடம்கூட ஆகவில்லை. மேடம் பழகிக்கொண்டுவிட்டார், விரல் வேகமாகப் போகிறது. நவம்பரில் ஆய்வு என்று அக்டோபர் இருபத்துமூன்றாம் தேதி கடிதம் வந்தது, அன்று ராத்திரி சம்பூரணத்திடம் சொன்னேன், ஆரத்தையும் நாலு வளையலையும் கேட்டேன். என் பெண்டாட்டி எட்டாவதுதான் படித்தவள். சட்டப் புத்தகத்தின் அட்டையைக்கூடத் தொட்டதில்லை. "ஆரு எடுத்த காசை ஆருங்க கட்டறது? நீங்க கட்டுனீங்கன்னா நீங்கதான் எடுத்தீங்கன்னு ஆயிராதுங்களா?" என்றாள். உனக்கு என்ன தெரியும், அரசாங்கத்துக்குப் பணம் வந்துசேர்ந்தால் சரி, அப்புறம் யார் கேட்கப்போகிறார்கள் என்று எரிந்து விழுந்தேன். எங்கள் கோர்ட் உலகத்தில் அப்படித்தான் நடக்கும், கணக்கு இடித்தால் ஆய்வுக்கு முன்னால் நிரப்பிவிடுவது, கோர்ட்டின் பேர் கெடக்கூடாது என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கூட நிரப்பியிருக்கிறார்கள், நானே இருநூறு ரூபாய் போட்டிருக்கிறேன் ஒரு காலத்தில். வளையலைக் கழற்றச் சோப்பு நுரை போடவேண்டியிருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து, இருபத்தேழாம் தேதி காலையில் பாங்குக்குப் போனேன். பத்தொன்பது ரசீது எண்ணையும் அழகாக, முத்துமுத்தாக, என் கையெழுத்திலேயே சலானில் எழுதினேன். கீழே ஒரு கட்டம், பணம் கட்டியவர் பெயர். கவுன்டரில் இருந்த பையன், "பேரு எழுதுங்க சார், செல் நம்பரும்" என்றான். அங்கேதான். அந்த இடத்தில்தான் என் மனசு ஒவ்வொரு தரமும் போய் மாட்டிக்கொள்கிறது. தலைமை எழுத்தர் என்று பதவியை மட்டும் எழுதியிருக்கலாம். ரகுபதி என்று எழுதியிருக்கலாம், அவன்தானே வழக்கமாகக் கட்டுகிறவன். என்ன ஏது என்று புரியாதபடி கிறுக்கியிருக்கலாம், கிறுக்கத் தெரியாதவனா நான்? ஆனால் கட்டுகிறவன் நான், கேட்டது கட்டுகிறவன் பெயர். தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு என் முழுப் பெயரையும் எழுதி, செல் நம்பரைப் போட்டு, கையெழுத்தும் போட்டேன். ஒன்றரை வருஷம் தினம் ஒரு பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டவன், ஒரே ஒரு தரம் உண்மையை எழுதினேன், அது இப்போது என்னைத் தூக்கில் போடப் போகிறது. பையன் முத்திரை குத்திக் கொடுத்தான். வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். அன்றைக்கு மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

சாப்பிடுவது என்றதும் அந்தப் பழைய நாசர், கோர்ட்டுக்கு வரும் பணத்தைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி, ஞாபகம் வருகிறார், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெபாசிட் பணத்தில் மாட்டிச் சஸ்பெண்ட் ஆனவர். வீட்டில் சொல்லவில்லை அவர். தினமும் காலையில் குளித்துச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி வந்து, பஸ் ஸ்டாண்டில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்து அங்கேயே சாப்பிடுவார். நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்காமல் பஸ் ஏறுவோம். எவ்வளவு எடுத்தார் என்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை, எடுத்தாரா என்பதும் தெரியாது, அந்த டப்பாதான் ஞாபகம் இருக்கிறது. என்னால் அப்படி உட்காரமுடியாது. எனக்குச் சிறுநீர் முட்டுகிறது. எழுந்துபோனால், நான் இல்லாத நேரத்தில் அக்டோபரைத் திறந்துவிட்டால்? என்ன சொல்வது என்று தயார் செய்தேனே, இப்போது ஒன்றும் நிற்கமாட்டேன் என்கிறது. மேடம், ரசீதுகள் இடையில் தவறிப் போயிருந்தன, கண்டுபிடித்துக் கட்டினோம். எங்கே தவறின? பணம் எங்கே இருந்தது? பெட்டியில். பெட்டியில் இருந்தால் தினமும் எண்ணும்போது மிகுதி தெரியாதா? எந்தப் பக்கம் ஓடினாலும் கடைசியில் அந்த ஸ்டாம்பில்தான் போய் முட்டுகிறது. சரி, ரகுபதி எடுத்தான், நான் நிரப்பினேன் என்று சொன்னால்? எடுத்ததை மறைத்தது குற்றம். தெரிந்தவுடன் மேலே சொல்லாதது குற்றம். சொந்தப் பணத்தை அரசாங்கக் கணக்கில் போட்டது, அதற்கும் ஏதோ ஒரு விதி இருக்கும், இல்லாமலா இருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வயதில் இப்படிப் பயப்படுவேன் என்று நினைக்கவே இல்லை. பரீட்சையில் பயந்தவன், கல்யாணத்தில் பயந்தவன், மேலதிகாரி இருமினால் பயந்தவன், பயத்தையே ஒழுக்கம் என்று நினைத்து இத்தனை வருஷம் பெருமையாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தவன். மேடம் செப்டம்பரின் நாடாவைக் கட்டுகிறார்.

அக்டோபர். மூன்று, நான்கு, ஏழு. புரட்டுகிறார். பதினைந்து. இருபது. நான் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்க்கிறேன், ஜன்னலைப் பார்க்கிறேன், டிக் சத்தம் வரவில்லை. வரவில்லை. பார்க்காதே. பார்த்துவிட்டேன். பேனா காகிதத்துக்கு மேலே நிற்கிறது.

"என்ன இது, ஒரே சலான்ல பத்தொன்பது ரசீது? ஜூன் மாச ரசீதெல்லாம் இருக்கு?" மேடம் கேட்டது என்னையில்லை. காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்த ரகுபதியை.

"அது எனக்குத் தெரியாதுங்க மேடம். நான் மெடிக்கல் லீவுங்க. எங்க சார்தானுங்க கட்டுனாரு. பேரு போட்டிருக்குதுங்களே." என்ன அன்பு அந்தக் குரலில்! எங்க சார். கட்டை மேசையில் வைத்துவிட்டு, கதவை அகலத் திறந்தபடியே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போய்விட்டான்.

மேடம் என் பெயரைப் படிக்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார். "சென்னியப்பன் சார், இந்தப் பணத்தை நீங்க எடுத்தீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"எடுக்காதவர் ஏன் சார் கட்டினீங்க?"

"பயந்துட்டனுங்க."

"எடுக்கலைன்னா எதுக்குப் பயப்படணும்?" அதட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார். தயார் செய்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. ரசீது எழுதிய கை யாருடையது என்று ரசீதிலேயே இருக்கிறது, அதைக் காட்டினால் போதும், விரல் ரகுபதி பக்கம் திரும்பிவிடும், நான் ஏமாந்த கிழவன் ஆகிவிடுவேன், ஏமாந்தவனுக்கு ஒரு சின்னத் தண்டனை, ஒரு இன்கிரிமென்ட் வெட்டு, பென்ஷன் தப்பிவிடும். சொல்லு. வாயைத் திறந்து சொல்லு. திறக்கிறேன், வருவது வேறு.

"ரசீது போட்டதும் பணம் எடுத்ததும் ரகுபதிங்க மேடம். ஆனா பதிவேட்டுல 'ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தேன், சரி'ன்னு இருக்குதுங்களே, அது நானுங்க. நான் எண்ணவே இல்லீங்க. ஒருநாளும் எண்ணலீங்க. ஸ்டாம்பு அவன்கிட்ட இருந்துச்சுங்க, நான் கீழ கையெழுத்து மட்டும் போட்டனுங்க."

"அதை நான் கேக்கலையே சார்."

"தெரியுமுங்க மேடம்."

அவர் பதிவேட்டைப் பின்பக்கமாகப் புரட்டத் தொடங்குகிறார். அக்டோபரிலிருந்து செப்டம்பர், ஆகஸ்ட், எல்லாப் பக்கத்திலும் அந்த ஊதா ஸ்டாம்பு, எல்லாவற்றின் கீழும் என் கிறுக்கல், எனக்கே பார்க்கக் குமட்டுகிறது. போன வருஷத்துக்குப் போகிறார். டிசம்பரில் ஒரு பக்கத்தில் விரல் நின்றுவிடுகிறது. நானும் எட்டிப் பார்க்கிறேன். ஊதா ஸ்டாம்புக்குப் பக்கத்தில் பச்சை மை. 'ஆய்வு செய்தேன். கையிருப்பு எண்ணப்பட்டது, சரி.' கீழே திலகவதி என்று நிறுத்தி நிதானமாக ஒரு கையெழுத்து. போன வருஷமும் ஆய்வுக்கு வந்தவர் இவர்தான் என்பது என் பயத்தில் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அவர் முகத்தைப் பார்க்கிறேன். காலையிலிருந்து என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

"அன்னிக்கு எண்ணினமா சார்?" குரல் தாழ்ந்துவிட்டது.

"இல்லீங்க மேடம். நாலரைக்குக் கார் வந்துருச்சுன்னு சொன்னீங்க."

அவர் ரப்பர் உறையைக் கட்டைவிரலிலிருந்து கழற்றி மேசைமேல் வைக்கிறார். பிறகு, "அந்தக் கதவைச் சாத்திட்டு வாங்க சார். உக்காந்து பேசுவோம்" என்கிறார்.

எழுகிறேன். எவ்வளவு லேசாக நடக்கிறேன்! சாத்தினால் போதும். உள்ளே என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியும். பதிவேட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. ரகுபதி ரசீதை மறைத்தான், தலைமை எழுத்தர் கண்டுபிடித்தார், அரசுக்கு இழப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டார். பாராட்டுக்கூட எழுதுவார். ஏழு மாதம் கழித்து மாலை போடுவார்கள், ஆரம் திரும்பி வரும், வளையல் திரும்பி வரும். எனக்கு அது வேண்டும். கடவுளே, எனக்கு அது ரொம்ப வேண்டும். கதவின் பிடியைப் பிடிக்கிறேன். வெளியே வராந்தாவில் ரகுபதியின் ஜன்னலுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் நிற்கும் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடங்கிக் கசங்கிய நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒன்று தவறியது போலிருக்கிறது, உதட்டை அசைத்து முதலிலிருந்து மறுபடி எண்ணுகிறாள். பின்னால் இருக்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள், அவள் காதில் வாங்கவில்லை. முழுதும் எண்ணி முடித்துத்தான் ஜன்னலுக்குள் கையை நீட்டுகிறாள்.

"சார்," என்று பின்னாலிருந்து மேடம் கூப்பிடுகிறார். "கதவு."

"திறந்தே இருக்கட்டுமுங்க மேடம்" என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவருக்குக் கேட்டிருக்கிறது. திரும்பி வந்து உட்காருகிறேன். பயம் போகவில்லை, இன்னும் அதிகமாகத்தான் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ரகுபதியின் பெயரில் தொடங்காமல், நான் இந்த நாற்காலிக்கு வந்த தேதியை முதல் வரியில் எழுதுகிறேன்.